பண்டிகை வரி நோட்டில் வெளியூர்ப் பெயர்கள்: வடமாநிலத் தொழிலாளர்களோடு சேர்ந்து விழா நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். லேத் பட்டறையில் வேலை. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் லைன் வீடுகள். ஒரு அறைக்கு நான்கு பேர், ஐந்து பேர் என்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். சில வருடங்களாக அவர்களும் நாங்களும் சேர்ந்து சில விழாக்களை நடத்தி வருகிறோம். சூளகிரி, பர்கூர், தருமபுரி என்று பல இடங்களிலிருந்து நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஓசூர்ப் பக்கத்தில் "வெளியூர்க்காரர்" என்றால் யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால் நம்மில் பாதிப் பேர் எழுந்து போக வேண்டியிருக்கும். தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டில் பேசுகிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். எழுபது, எண்பதுகளில் சிப்காட் வளர்ந்து பெரிய ஆலைகள் வந்தபோது மதுரை, திருநெல்வேலி, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அப்போது அவரை இங்கே உள்ளவர்கள் "தெக்கத்தி ஆளு" என்று சொல்லித்தான் வீடு கொடுக்க யோசித்தார்களாம்.

தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னோர் வடக்கிலிருந்து மாட்டுப் பொதியோடு வந்தவர்கள். கண்ணாடி வைத்துத் தைக்கும் அவர்களுடைய எம்பிராய்டரி கிட்டத்தட்ட மறந்துபோயிருந்தது. அதை அங்கே உள்ள பெண்கள் திரும்பக் கற்றுக்கொண்டு இன்று வருமானம் தரும் வேலையாக ஆக்கியிருக்கிறார்கள். அவர்களை யாராவது வெளியூர்க்காரர் என்று சொல்வோமா?

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பனியன் கம்பெனிக்குத் திருப்பூருக்கும், கேரளத்துக்கும் போகிற குடும்பங்கள் எத்தனை! பெங்களூரில் தகரக் கொட்டகையில் படுத்து எழுந்த ஒருவருக்கு இந்தப் பக்கத்தை முழுசாகப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

விழா நடத்தினால் ஒற்றுமை வந்துவிடுமா?

வராது. சம்பளம் சரியாகக் கிடைக்காமல், ஐந்து பேருக்கு ஒரு கழிப்பறைகூட இல்லாமல், வாடகையை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று கறந்துகொண்டு, வருடத்தில் ஒரு நாள் மாலை போட்டால் அது யாருக்கும் நல்லதில்லை. ஆனால் சேர்ந்து வேலை செய்த பழக்கம் இருந்தால் இந்தப் பிரச்சினைகளைப் பேசுவதற்கு ஒரு வழி திறக்கிறது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர்ச் சண்டை தீர்ந்தது ஒரு பந்தல் போட்ட இரவில்தான். கயிறு கட்டிக்கொண்டே பேசி முடித்தார்கள்.

முதல் முறை நடத்தியபோது என்ன தவறு செய்தீர்கள்?

முதல் வருடம் பொங்கலுக்கு முன்னால் "ஒற்றுமை விழா" என்று மேடை போட்டோம். ஜார்க்கண்ட் பையன்களை ஆடச் சொன்னோம். ஆடினார்கள். கைதட்டினோம், சால்வை போட்டோம், படம் எடுத்தோம். சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் தனியாக ஒரு வரிசையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் தெருவில் பார்த்தபோது யாருக்கும் யார் பெயரும் தெரியவில்லை.

அவர்களை நாங்கள் காட்சிப் பொருளாக ஆக்கிவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது. அவர்கள் ஆடினார்கள், நாங்கள் பார்த்தோம். இடையில் எதுவும் நடக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து மேடையே வேண்டாம் என்று முடிவு செய்தோம். காய் நறுக்குவது, தோரணம் கட்டுவது, பாத்திரம் தேய்ப்பது, பம்பைக்குத் தோல் காய்ச்சுவது என்று எல்லா வேலையிலும் இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து இருக்க வேண்டும். இது ஒன்றுதான் விதி. வேறு விதி எதுவும் நாங்கள் எழுதி வைக்கவில்லை.

எந்த நாளில் தொடங்குவது நல்லது?

தொழிற்பேட்டைப் பகுதி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆயுத பூஜையில் தொடங்குங்கள்.

காரணம் சொல்கிறேன். பீகார், வங்கம், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் எல்லா இடத்திலும் விஸ்வகர்மா பூஜை என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 17-ஆம் தேதி வரும். அன்றைக்கு மெஷினைத் துடைத்து, பூப்போட்டு, பொட்டு வைத்து, வேலையை நிறுத்திவிடுவார்கள். நாம் நவராத்திரி நவமியில் செய்வதைத்தான் அவர்கள் சில வாரம் முன்னால் செய்கிறார்கள். எங்கள் பட்டறையில் ஒரு ஒடியாப் பையன் செப்டம்பர் 17 அன்று காலை யாரிடமும் சொல்லாமல் லேத்தின் தலையில் ஒரு செம்பருத்தியைச் சொருகிவிட்டு வேலையைத் தொடங்கினான். முதலாளி பார்த்தார், ஏன் என்று கேட்டார், பையன் விளக்கினான். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் பட்டறையில் இரண்டு பூஜை.

மெஷினைக் கும்பிடுகிறவனுக்கு மெஷினைக் கும்பிடுகிற இன்னொருவனைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாங்கள் பொரி கடலை, வாழைக்கன்று, சந்தனம், குங்குமம் வாங்குவோம். அவர்கள் கிச்சடியும் பழமும் செய்வார்கள். பொரியைப் பார்த்ததும் வங்காளிப் பையன்களுக்கு முகம் மலர்ந்துவிடும். அவர்கள் ஊரில் அது "முடி", சாயங்காலமானால் கடுகெண்ணெய், பச்சை மிளகாய், வெங்காயம் போட்டுக் கலந்து சாப்பிடுவது. நம் பூஜைப் பொரியை அப்படிக் கலந்து தந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதுதான் மழைக்காலப் பலகாரம்.

பூசணிக்காய் உடைப்பதை மட்டும் ரோட்டில் செய்யாதீர்கள். பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். இது எல்லா ஊர்க்காரருக்கும் பொது.

வேறு பொது நாட்கள் உண்டா?

நிறைய. சித்திரை முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 14, 15 தேதிகளில் அசாமில் ரங்காலி பிஹு, வங்கத்தில் பொய்லா பொய்சாக், ஒடிசாவில் பணா சங்கராந்தி, பீகாரில் சத்துவான். ஒடியாக்காரர்கள் அன்று வில்வப் பழத்தில் வெல்லம் கலந்து "பணா" என்று ஒரு பானம் செய்வார்கள். நம் பானகத்துக்கு அக்கா தங்கை. பீகார்க்காரர்கள் வறுத்த கடலை மாவும் மாங்காய்ச் சட்னியும் சாப்பிடுவார்கள். அந்த மாவுக்கு அவர்கள் சொல்கிற பெயர் "சத்து". நம் சத்துமாவில் வருவது வேறு சொல்தான், இருந்தாலும் கடைக்காரப் பாட்டிக்கு அதைக் கேட்டதிலிருந்து அவர்கள் மேல் தனிப் பிரியம். மாங்காய்க்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடியை அவர்களுக்குக் கொடுங்கள், மாங்காய்ச் சட்னியை அவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தை முதல் நாளும் அப்படித்தான். அசாமில் போகாலி பிஹு, ஜார்க்கண்டில் துசு, பீகாரில் தயிரும் அவலும் சாப்பிடும் சங்கராந்தி. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பொங்கலுக்கு நாம் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுகிறோம். தெரு காலியாகிவிடும். லைன் வீட்டில் அவர்கள் மட்டும் நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பத்து வருடம் தமிழ்நாட்டில் இருந்தும் பொங்கல் பானை பொங்குவதை நேரில் பார்க்காதவர்கள் உண்டு. ஊருக்குப் போகும்போது ஒருவரை, இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் என் மச்சான் ஊருக்கு இரண்டு பேரைக் கூட்டிப் போனேன். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் அடிக்க அவர்கள் காட்டிய ஆர்வம் என் பிள்ளைகளுக்கு இல்லை. ஜார்க்கண்டில் தீபாவளியை ஒட்டி சோஹராய் என்று மாடுகளுக்கே ஒரு பண்டிகை உண்டாம்.

ஏரியில் சத் பூஜை செய்ய அனுமதி கேட்கிறார்கள். விடலாமா?

விடுங்கள். கூடவே நில்லுங்கள்.

சத் பூஜை பீகார்க்காரர்களின் பண்டிகை. தீபாவளி கழிந்த ஆறாம் நாள், அதாவது சஷ்டியில் வரும். சூரசம்ஹாரம் நடக்கிற அதே சஷ்டி. 2024-இல் இரண்டும் நவம்பர் 7, 2025-இல் இரண்டும் அக்டோபர் 27. அவர்கள் கும்பிடுவது சூரியனையும் சட்டி மையா என்கிற சஷ்டி தேவியையும். புராணத்தில் சஷ்டி தேவிக்கு இன்னொரு பெயர் தேவசேனை, கார்த்திகேயனின் மனைவி. நம் தெய்வானை. இதை எங்கள் தெரு முருகன் கோயில் பூசாரியிடம் சொன்னபோது அவர் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப சம்பந்தி வீடுன்னு சொல்லு" என்றார்.

நான்கு நாள் விரதம். முதல் நாள் குளித்துவிட்டுச் சோறு, கடலைப் பருப்பு, சுரைக்காய். இரண்டாம் நாள் மாலை வெல்லம் போட்ட பாயசச் சோறு, சப்பாத்தி. அதற்குப் பிறகு ஏறக்குறைய 36 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மூன்றாம் நாள் மாலை நீரில் நின்று மறையும் சூரியனுக்கு அர்க்கியம் என்கிற நீர்க் காணிக்கை, நான்காம் நாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கு. நடுவில் புரோகிதர் என்று யாரும் வேண்டியதில்லை. மூங்கில் முறத்தில் படையலை வைத்து ஏந்தி நிற்பார்கள். அதில் என்னென்ன இருக்கும் தெரியுமா? கரும்பு, தேங்காய், வாழைப்பழம், இலையோடு கூடிய மஞ்சள் செடி, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துச் செய்த தேக்குவா. கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லச் சோறு, சூரியன். இதை நான் முதல் முறை பார்த்தபோது தை மாதம் தவறி ஐப்பசியில் வந்துவிட்டதோ என்றுதான் தோன்றியது. என் மனைவி அவர்களுக்காகப் பாப்பிரெட்டிப்பட்டியில் உள்ள அவள் அண்ணன் தோட்டத்திலிருந்து மஞ்சள் செடி பிடுங்கி வரச் சொன்னாள்.

நடைமுறை விஷயங்கள் சில. ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது, மாநகராட்சியா, ஊராட்சியா, நீர்வளத் துறையா என்று முதலில் விசாரித்து எழுத்தில் கேளுங்கள். காவல் நிலையத்திலும் ஒரு மனு கொடுங்கள். உள்ளூர்க்காரர் கையெழுத்து இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கிறது, அது நம்மால் செய்ய முடிகிற உதவி. ஐப்பசி என்றால் மழைக்காலம், ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கும், கரையில் சேறு. இடுப்பளவுக்கு மேல் போகாதபடி கயிறு கட்டுங்கள், நீச்சல் தெரிந்த நான்கு பேர் நிற்கட்டும், விடியற்காலைக்கு விளக்கு வேண்டும். முடிந்த பிறகு கரையைக் கூட்டி அள்ள இரண்டு பக்கத்தாரும் வர வேண்டும். ஏரி நீர் அழுக்காகவோ நுரையாகவோ இருந்தால் பேசாமல் மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டித் தொட்டி செய்து கொடுத்துவிடுங்கள். பெரிய நகரங்களில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

செலவுக்குப் பணம்? அவர்களிடம் வரி வாங்கலாமா?

நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான்.

நம் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் பண்டிகை என்றாலும், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்துக் கூத்து நடத்தினாலும், குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி உண்டு. வரி கட்டினவன் ஊர்க்கூட்டத்தில் பேசலாம், கணக்குக் கேட்கலாம், பிரசாதம் வீட்டுக்கு வரும். வரி கட்டாதவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். "பாவம், கஷ்டப்படறவங்க, அவங்ககிட்ட எதுக்கு வரி" என்று நாம் நல்ல மனதோடுதான் விட்டுவிடுகிறோம். அந்த நல்ல மனதே அவர்களை வேடிக்கை பார்க்கிற இடத்தில் நிறுத்தி வைக்கிறது.

மூன்றாம் வருடம் பண்டிகைக்கு வசூல் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் போனபோது, லைன் வீட்டு வாசலில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஆள் ஒருவர் நிறுத்தினார். ஏழு வருடமாக இங்கே பெயின்டிங் வேலை. "எங்க ரூம் மட்டும் ஏன் தாண்டிப் போறீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் அறையில் ஐந்து பேர், 250 ரூபாய். மற்றவர்கள் பெயர் எழுதிய அதே பக்கத்தில் அவர்கள் பெயரும் ஏறியது. பண்டிகையன்று மைக்கில் வரி வாசித்தபோது அந்தப் பெயர்களையும் வாசித்தார்கள். அந்தப் பையன்கள் அதைப் போனில் பதிவு செய்து ஊருக்கு அனுப்பினார்கள்.

சில எச்சரிக்கைகள்:

கட்டாயம் கூடவே கூடாது. 10 ரூபாய் கொடுத்தாலும் பெயர் எழுதுங்கள், கொடுக்காதவரிடம் இரண்டாவது முறை கேட்காதீர்கள்.

மேஸ்திரி மூலமாகவோ கான்ட்ராக்டர் மூலமாகவோ ஒரு பைசா வாங்காதீர்கள். "கோயில் வரி" என்று சொல்லிச் சம்பளத்தில் பிடித்தால் நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு இடத்தில் அப்படி நடந்து, பழி கோயில் கமிட்டி மேல் விழுந்தது.

அவர்கள் விழாவுக்கு நாமும் கொடுக்க வேண்டும். அவர்கள் ஊரில் அதற்குச் "சந்தா" என்றுதான் பெயர், இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும். நமக்கும் தெரிந்த சொல்லே. விஸ்வகர்மா பூஜைக்கு எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு 50 ரூபாய் சந்தா. கணக்கை அவர்கள்தான் எழுதுகிறார்கள், முடிந்ததும் தமிழிலும் இந்தியிலும் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள்.

மொழி தெரியாதே, எப்படிப் பேசுவது?

தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது என்று நாலு மொழியில் சந்தை நடத்துகிற ஊர் ஓசூர். இன்னும் இரண்டு வந்தால் தாங்காதா?

வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இந்திக்காரர்கள் என்று நினைப்பதுதான் நம் முதல் தவறு. ஜார்க்கண்டில் ராஞ்சி, கும்லா பக்கத்து உராவ் மக்கள் பேசுகிற குடுக் ஒரு திராவிட மொழி. பூச்செடி வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில் வேலை செய்கிற உராவ் பெண் ஒருவர் என் மகளுக்கு எண்ணிக் காட்டினார். மூன்றுக்கு "மூந்த்". நான் என்பதற்கு "ஏன்", நீ என்பதற்கு "நீன்". என் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா, "நம்ம நீனுதானே இது!" என்று சத்தம் போட்டார். அன்று சாயங்காலம் முழுக்கத் திண்ணையில் இதே விளையாட்டு. மூக்கு, கண், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேச்சே தேவைப்படாத காரியங்களும் இருக்கின்றன. ஒடியாப் பெண்கள் மார்கழியை ஒட்டிய மாதத்து வியாழக்கிழமைகளில் அரிசி மாவைக் கரைத்து வாசலில் விரலால் "ஜோட்டி" போடுவார்கள், லட்சுமியின் பாதம் வரைவார்கள். நம் மாக்கோலம். பீகாரின் மிதிலைப் பக்கத்தில் அதற்கு "அரிபன்", வங்கத்தில் "ஆல்பனா". மார்கழி ஞாயிறு ஒன்றில் எங்கள் தெருவில் வாசலை மாற்றிக்கொள்கிறோம்: அவர்கள் வந்து நம் வாசலில் அவர்கள் கோலம், நாம் போய் அவர்கள் வாசலில் நம் புள்ளிக் கோலம். பரிசு, நடுவர் ஒன்றும் கிடையாது. பரிசு வைத்தால் உடனே கசப்பு வந்துவிடுகிறது, வைக்காதீர்கள்.

பையன்களுக்குச் சடுகுடு போதும்.

சாப்பாட்டில் ஒத்துப்போகுமா?

நம் மாவட்டத்துச் சாப்பாடு அவர்களுக்கு அந்நியமே இல்லை. கேழ்வரகு நமக்குக் களி, கூழ். கோராபுட் பக்கத்து ஒடியாக்காரருக்கு "மண்டியா", பீகார், ஜார்க்கண்ட்காரருக்கு "மடுவா". கொள்ளு அவர்களுக்குக் "குல்தி". பழைய சோறு ஒடிசாவில் "பகாளா", அதற்கென்று மார்ச் 20-ஆம் தேதியை ஒரு நாளாகவே கொண்டாடுகிறார்கள். ஓட்டலில் வாங்கி வந்த பிரியாணியைவிட, களியும் கொள்ளுக் குழம்பும் வைத்த பந்தியில்தான் பேச்சு அதிகம் நடக்கிறது என்பது என் அனுபவம்.

கடுகெண்ணெய் வாசனை பற்றி முகம் சுளிக்காதீர்கள். நம் கருவாட்டு வாசனை அவர்களில் சிலருக்கு அப்படித்தான். விரதம் இருப்பவர்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், காரணம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

முஸ்லிம், கிறிஸ்தவத் தொழிலாளர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். வங்கம், அசாமிலிருந்து வந்த பலர் முஸ்லிம்கள். ஜார்க்கண்ட் பெண்களில் கிறிஸ்தவர்கள் நிறைய. நோன்புக் கஞ்சி தமிழ்நாட்டுப் பள்ளிவாசலில் கிடைக்கிற அளவுக்கு அவர்கள் ஊரில் கிடைப்பதில்லை, அதன் ருசியைக் கண்டுகொண்டார்கள். எங்கள் தெருக்காரர்கள் ஒரு நாள் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் கொடுக்கிறோம், காய் நறுக்கப் போகிறோம். யாரையும் வேறு மதச் சடங்கில் நிற்க வைக்கக் கூடாது. பந்தல் வேலையும் சமையலும் எல்லாருக்கும் பொது, பூஜை விருப்பப்பட்டவருக்கு.

விடுதியில் இருக்கும் பெண்களை எப்படிச் சேர்ப்பது?

நம் மாவட்டத்துத் தொழிற்சாலைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். ஷிப்ட், பஸ், விடுதி என்று அவர்கள் நாள் முடிந்துவிடுகிறது. அவர்களை அழைக்கப் பெண்கள்தான் போக வேண்டும். பகல் நேரம், திரும்பும் நேரம் முன்கூட்டியே முடிவானது, விடுதிப் பொறுப்பாளருக்குத் தெரிந்தது என்றால்தான் வருவார்கள். அவர்களைக் கேட்காமல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. எடுத்ததை இன்ஸ்டாகிராமில் போட்ட பையன் ஒருவனை நாங்கள் அழைத்துக் கண்டித்து, அழிக்க வைத்தோம். இதில் தயவு தாட்சணியம் வேண்டாம்.

நம் கூத்தும் பண்டிகையும் இதனால் மாறிவிடாதா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் மதிக்கிறேன். சாமி தூக்குவது, கரகம் எடுப்பது, படுகளத்தில் யார் என்ன செய்வது என்பதெல்லாம் பரம்பரையாக உள்ளபடியே நடக்கட்டும். அதில் யாரும் கை வைக்கச் சொல்லவில்லை.

ஆனால் பாரதக் கூத்துக்கு அவர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள். விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடப்பதைப் பார்த்த மேற்கு வங்கத்துப் புருலியாக்காரர் ஒருவர், தங்கள் ஊர் சௌ என்கிற முகமூடி ஆட்டத்தில் அபிமன்யு சாகும் கட்டத்தை எனக்கு ரோட்டிலேயே ஆடிக் காட்டினார். முகமூடி இல்லை, லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கூத்து வாத்தியார் அதைப் பார்த்து அடவு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். நான் என் வாழ்நாளில் பார்த்த நல்ல கூத்து அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் எழுதியது முழுமையாகாது. பீகார்க்காரரைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, நம் ஊர்க் காலனி மக்களிடம் வரி வாங்காமல், தேரை அவர்கள் தெருவுக்கு விடாமல் இருந்தால் அந்த விழாவுக்கு ஒற்றுமை என்று பெயர் வைக்காதீர்கள். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டது நம் மாவட்டங்களில் நடந்ததுதான். வரி நோட்டை நீட்டுவதானால் முதலில் அந்தத் தெருவுக்குப் போங்கள்.

வதந்தி பரவினால் என்ன செய்வது?

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. ஹோலி சமயம். சம்பந்தமில்லாத வேறு சம்பவங்களின் படங்கள்தான் பெரும்பாலும். போலி என்று தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து தொழிலாளர்களிடம் பேசிவிட்டுப் போனது. அதற்குள் எத்தனை பேர் பயந்து ரயில் ஏறியிருப்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையனின் அம்மா பீகாரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தார். பையன் சொன்னதை அவர் நம்பவில்லை. மிரட்டிச் சொல்ல வைக்கிறார்கள் என்று நினைத்தார். வீட்டுக்காரப் பாட்டி போனைப் பிடுங்கி வீடியோவில் முகத்தைக் காட்டித் தமிழிலேயே சொன்னார்: "அம்மா, அழாத. உன் புள்ள என் வீட்டுலதான் இருக்கான். இப்பதான் சாப்ட்டான்." பாட்டி சத் பூஜைக்கு முறம் ஏந்தி நின்ற படத்தை அந்த அம்மா ஏற்கெனவே பார்த்திருந்ததால் முகம் தெரிந்திருந்தது. அழுகை நின்றது.

ஆகவே ஒவ்வொரு லைன் வீட்டிலும் ஒருவர் எண், உள்ளூர்க்காரர் பத்துப் பேர் எண், காவல் நிலைய எண் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கட்டும். சந்தேகமான வீடியோ வந்தால் அங்கே கேட்கட்டும். வதந்தி நம் பக்கமும் வரும்: பிள்ளை பிடிப்பவர்கள் என்று சொல்லி அப்பாவிகளை அடித்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பெயர் தெரிந்த ஆளை யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள்.

குடித்துவிட்டுச் சண்டை வந்தால்?

இரண்டு பக்கத்திலும் வரும். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நாங்கள் 9 மணிக்கே நிறுத்துகிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேர் குடிக்காமல் கண்காணிக்க வேண்டும், நம் ஆளை நாமும் அவர்கள் ஆளை அவர்களும் பிடித்துக்கொண்டு போவது என்று பேசி வைத்திருக்கிறோம். இதுவரை அது போதுமானதாக இருந்திருக்கிறது.

கம்பெனி செலவு செய்கிறேன் என்கிறது. வாங்கலாமா?

பந்தல், குடிநீர், விடுப்பு கேளுங்கள். விழாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். கையெழுத்து வாங்கி வரவைக்கிற விழாவில் யாரும் பாத்திரம் தேய்க்க மாட்டார்கள்.

சத் பூஜைக்கு முறம் எங்கே வாங்குவது?

பிளாஸ்டிக் முறம் ஆகாது, மூங்கில்தான் வேண்டும். கடைவீதியில் கூடை பின்னி விற்பவர்களிடம் ஒரு மாதம் முன்னால் சொல்லி வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு, மூன்று என்று கணக்கு வைத்து மொத்தமாகச் சொன்னால் அவர்களுக்கும் மூங்கில் வாங்கி வைக்கத் தோதாக இருக்கும். போன வருடம் நாங்கள் சொல்வதற்கு முன்பே கூடை பின்னுகிற அம்மா, "உங்க ஆளுங்களுக்கு இந்த வருசம் எத்தனை?" என்று கேட்டார். மெழுகாத புது முறம் என்று மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நம் வழக்கப்படி சாணியும் வெந்தயமும் பூசிக் கொடுத்துவிடுவார்கள்.